இயங்குதள மாற்றமும் ஏடு பெயர்த்தலும்: தமிழாய்வுக் கோப்புகள் குறித்த சில கவலைகள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11க்கு மாறுவதா, பழையதிலேயே தொடர்வதா என்னும் வினா அன்றுமுதல் தமிழ்த்துறைகளின் அலுவலகங்களிலும் ஆய்வாளர் இல்லங்களிலும் எழுந்தவண்ணம் உள்ளது. எழும் கவலைகள் பெரும்பாலும் பணம் பற்றியவை. அடுத்த நிலையில் நச்சுநிரல் பற்றியவை. இவ்விரண்டும் பொருட்படுத்தத்தக்கவையே. ஆயினும் தமிழாய்வைப் பொறுத்தவரை இவற்றினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. கடந்த முப்பது ஆண்டுகளில் தமிழில் கணினிவழி எழுதப்பட்டவற்றுள் கணிசமான பகுதி, உண்மையில் தமிழெழுத்தாகச் சேமிக்கப்படவில்லை. பழைய கணினியும் பழைய எழுத்துருவும் உள்ளவரை அது தமிழாகத் தோன்றும். அவை நீங்கினால் தோன்றாது. எனவே இயங்குதள மாற்றத்தைப் பொறிசார்ந்த பணியாக மட்டும் கொண்டு கணினிப் பழுதுபார்ப்போரிடம் ஒப்படைத்தல் தகாது. அது பதிப்பாசிரியர் கண்காணிக்க வேண்டிய பெயர்த்தெழுதல் பணியாகும்.

இச்சிக்கலைப் பெருநகரப் பல்கலைக்கழகத்தினின்று காண்பதினும் சிற்றூரினின்று காண்பது தெளிவு தரும். விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்துள்ள சுந்தரபாண்டியம் ஒரு பேரூர். மேற்கே மலைத்தொடர், மலையில் சதுரகிரி, அடிவாரங்களில் பளியர் குடியிருப்புகள். ஒருபுறம் ஆண்டாளும் பெரியாழ்வாரும் தோன்றிய ஸ்ரீவில்லிபுத்தூர், அதற்கப்பால் இராசபாளையம். மறுபுறம் அச்சுத்தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசி. வழக்காறு சேகரிப்போருக்கும் தலவரலாறு தொகுப்போருக்கும் வைணவ உரைமரபை ஆய்வோருக்கும் இவ்வட்டாரம் வற்றாத களம். இங்கு வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். 1990களின் இறுதியில் அவர் திரட்டிய நாட்டார் பாடல்களும் ஊர்ப்பெயர்க் குறிப்புகளும் அருகிலுள்ள நகரத்து டி.டி.பி. மையத்தில் பேஜ்மேக்கரில் ஏறியிருக்கும். கோப்புகள் நெகிழ்தட்டினின்று குறுந்தட்டுக்கும் அதனின்று விரலிக்கும் இடம்பெயர்ந்திருக்கும். பாடிய முதியோருள் பலர் இன்று இலர். கைப்படியைச் செல்லரித்திருக்கவும் கூடும். எஞ்சியிருப்பது கோப்பு மட்டுமே. இவ்விவரணை கற்பனையே எனினும், இத்தகையோரை அறியாத தமிழ்த்துறை இருத்தல் அரிது.

இவரிடம் உள்ள கணினி பத்தாண்டு பழையதாயின் அது விண்டோஸ் 11ஐ ஏற்காது. அவ்வியங்குதளம் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் வகையாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் வேண்டுகிறது. எட்டாம் தலைமுறைச் செயலிகள் 2017இல்தான் சந்தைக்கு வந்தன. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளுள் தொடக்க ஆண்டுகளுக்குரியவை அனைத்தும் இவ்வரம்புக்கு வெளியே நிற்பவை. ஆகவே, ‘மேம்படுத்தல்’ என்பது ஈண்டு மென்பொருளை மாற்றுவதன்று. புதுக் கணினி வாங்குவதாகும். பழைய கணினியை விலைக்குப் போட்டுப் புதியது வாங்கும்போது, அதில் நிறுவியிருந்த எழுத்துருக்களும் விசைப்பலகை மென்பொருளும் உடன்போய்விடுகின்றன. கோப்பு மட்டும் படியெடுக்கப்பட்டுப் புதுக் கணினிக்கு வந்துசேரும். வந்தபின் திறந்தால் அதில் தமிழ் இராது.

ஏன் இராது என்பது பலருக்கும் அனுபவமாகத் தெரியும். காரணம் சிலர்க்கே தெரியும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அச்சிட்ட சொல் கணினியின் நினைவகத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் கிடக்கிறது. ஜே இருக்க வேண்டிய இடத்தில் தகரத்தை வரைந்து காட்டுவது எழுத்துரு செய்யும் வேலை. அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மெய்ப்புள்ளியை இடுவதும் அதுவே. எழுத்துரு இல்லையேல் ஆங்கிலக் குப்பையே எஞ்சும். ஒவ்வொரு நிறுவனமும் இவ்வாறு தனக்கென ஓர் அடுக்குமுறையை வகுத்துக்கொண்டது. ஒரே தமிழ்ச்சொல் ஒரு கடையில் ஒரு கோவையாகவும் அடுத்த கடையில் வேறொரு கோவையாகவும் சேமிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் தமிழும் கணினி வைத்திருக்கும் எழுத்தும் ஒன்றல்ல என்பதை உணராமலேயே ஒரு தலைமுறை ஆய்வேடுகள் தட்டச்சாகி முடிந்தன.

இதைச் சீர்செய்யும் முயற்சிகள் நடவாமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழியே டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. மின்னஞ்சல் குழுக்களில் கூடிய தமிழார்வலர் வகுத்த டிஸ்கி அதே காலத்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், ஒருங்குறியைத் தர நிலையாக ஏற்றும், ஒருங்குறி இயலாத இடங்களுக்குத் ‘டேஸ்16’ என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தை மாற்றாக வைத்தும் தமிழக அரசு ஆணையிட்டது. ஒவ்வொன்றும் தன் காலத்தின் தேவையை நிறைவுசெய்ததாயினும் ஒவ்வொன்றும் தனக்குப்பின் ஓர் அடுக்குக் கோப்புகளை விட்டுச்சென்றது. டிஸ்கியில் இகரம் 173ஆம் இடத்தில் அமைந்திருந்தது. அவ்விடத்தை மென்பொருள்கள் பல, சொல் உடையும் இடத்தில் மட்டும் தோன்றும் மறைகோடாகக் கொண்டன. எனவே வரிநடுவில் வந்த இகரம் மறைந்துபோயிற்று. பின்னர் இகரத்துக்கு மாற்றிடம் ஒன்று தரப்பட்டது. டேஸ்16 ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் இடம்கொண்டது. அப்பகுதிக்கு உலகப் பொதுவான பொருள் கிடையாது. அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் கட்டங்களே காட்சி தரும். இயங்குதளம் மாறும்போது முதலில் தொலைவது இத்தகைய எழுத்துருக்களே.

பழைய குறியேற்றத்தினின்று ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் உள்ளன, இலவசமாகவும் கிடைக்கின்றன. ‘மாற்றியில் இட்டால் ஆயிற்று’ என்பதே பொதுவான விடை. அவ்விடை முக்காற்பங்கு சரி. எஞ்சிய காற்பங்கில்தான் தமிழாய்வின் நம்பகத்தன்மை தங்கியுள்ளது.

எடுத்துக்காட்டாக ‘வெளியீடு’ என்னும் சொல்லைக் கொள்ளலாம். பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் தோற்ற வரிசையில் அமையும்: முதலில் ஒற்றைக்கொம்பு, பின் வகரம், பின் ளகரம். ஔகார உயிர்மெய்யும் அதே முறையில்தான் அமையும்: கொம்பு, மெய், அதனையடுத்து ளகரத்தையொத்த குறி. பாமினி போன்ற அமைப்புகளில் இக்குறிக்கெனத் தனியிடம் இல்லாமையால் ளகரமே அதற்கும் பயன்பட்டது. கொம்பும் வகரமும் ளகரமும் தொடர்ந்து வருவதைக் காணும் மாற்றி அதனை ‘வௌ’ என்று கொண்டுவிடுகிறது. விளைவு, ‘வௌியீடு’. இணையத்தில் தமிழ் படிப்போர் இவ்வடிவத்தைக் காணாத நாளில்லை. ‘தெளிவு’ ‘தௌிவு’ ஆகிறது. ‘வெள்ளம்’ ‘வௌ்ளம்’ ஆகிறது. சங்கப் புலவர் வெள்ளிவீதியாரே ‘வௌ்ளிவீதியார்’ ஆகிவிடுகிறார். அச்சில் பார்க்கும் கண் இதனை எளிதில் தாண்டிச் செல்லும். சொல்லடைவு தயாரிக்கும் கணினி தாண்டாது. வெள்ளிவீதியாரை இருவராக்கி அகரவரிசையில் இருவேறு இடங்களில் நிறுத்தும்.

ரகர ஒற்றின் நிலை இன்னும் நுட்பமானது. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் காற்குறிமேல் புள்ளியிட்டால் அது ‘ர்’ போலவே தோன்றும். தட்டச்சர் விரைவு கருதியோ அழகு கருதியோ ரகரத்துக்குப் பதில் காற்குறியை இட்டுப் புள்ளி வைத்தனர். தாளில் பிழையில்லை. ஒருங்குறிக்கு மாற்றியபின் ‘அவர்’ என்பது ‘அவா்’ என்று நிற்கிறது. மெய்யும் இல்லாத உயிரும் இல்லாத, தொல்காப்பியர் காணாத ஓரெழுத்து. தமிழ் நாளிதழ்களின் இணையப் பக்கங்களில்கூட இது மலிந்து கிடக்கிறது. புலவர், அரசர், மகளிர், சான்றோர் எனத் தமிழின் பலர்பால் ஈறே ரகர ஒற்றாதலின், இப்பிழை படிந்த ஆய்வுத்தரவில் ‘மகளிர்’ என்று தேடுபவர் எதிர்மறை முடிவையே பெறுவார். இல்லை என்பதும் ஆய்வில் ஒரு முடிவு. அது பொய்யாயின் அதன்மேல் எழுப்பிய கருதுகோளும் பொய்யாகும்.

அடுத்தது, ஆங்கிலமும் தமிழும் விரவிய பகுதி. பாமினிக் கோப்பில் தமிழும் ஆங்கிலமும் ஒரே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டுள்ளன. எழுத்துரு வேறுபாடு ஒன்றே அவற்றைப் பிரித்துக் காட்டுவது. வெறும் எழுத்துக்கோவையாகப் படியெடுத்து மாற்றியில் இட்டால் அந்த வேறுபாடு அழிந்துபோகும். பரோ, எமனோ ஆகியோரின் திராவிட வேர்ச்சொல் அகராதியைச் சுட்டிய அடிக்குறிப்பு, பொருளற்ற தமிழெழுத்துச் சரமாகத் திரும்பிவரும். ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலும் ஒலியன் குறியீடுகளும் நிறைந்த இயல்களுமே இதனால் மிகுதியும் சிதைவுறும். அதாவது, பிறர் சரிபார்ப்பதற்கென அமைந்த பகுதிகளே முதலில் கெடும்.

மேற்கண்டவை முன்னைக் குறியேற்றங்களால் வருபவை. தொடக்கத்திலிருந்தே ஒருங்குறியில் எழுதியவரும் கவலையினின்று முழுதும் விடுபட்டவர் அல்லர். விண்டோஸ் 2000 முதல் லதா எழுத்துருவே தமிழுக்குரிய இயல்பான எழுத்துருவாக வந்தது. விண்டோஸ் 7இல் விஜயா சேர்ந்தது. விண்டோஸ் 8 தொடங்கி நிர்மலா அவ்விடத்தைப் பெற்றது. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் விருப்பத் தெரிவாக ஒதுக்கப்பட்டன. வேண்டுவோர் தனியே தரவிறக்கிக்கொள்ள வேண்டும். லதாவில் பக்கம் அமைத்த முந்நூறு பக்க ஆய்வேட்டை, அவ்வெழுத்துரு இல்லாத புதுக் கணினியில் திறந்தால் வேறோர் எழுத்துரு அதனிடத்தில் அமர்கிறது. எழுத்தின் அகலம் மாறும், வரி மாறும், பக்கமும் மாறும். பொருளடக்கத்தில் 147 என்றிருப்பது 152இல் கிடக்கும். செய்யுளின் அடியும் சீரும் மடங்கி விழும். அகவற்பாவின் ஈற்றயலடி உடைந்து, முச்சீரா நாற்சீரா என்று ஐயுறும் நிலையும் நேரும். யாப்பாய்வாளருக்கு இது சிறு குறையன்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் ஊர்ப்பெயரே இவ்வகையில் நல்லதொரு சான்று. அதன் முதலில் நிற்கும் கூட்டெழுத்தை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ஸகரத்தை அடியாகக் கொண்டு ஒன்று, ஶகரத்தை அடியாகக் கொண்டு மற்றொன்று. 2005இல் வெளிவந்த ஒருங்குறி 4.1ஆம் பதிப்பில்தான் ஶகரம் தமிழ்ப்பகுதியில் சேர்ந்தது. அதுவரை ஸகர வழியே இருந்தது. பின்னர் ஶகர வழி முறையானதெனப்பட்டது. ஆயினும் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டுமாறு எழுத்துருக்கள் அமைக்கப்பட்டன. எனவே திரையிலும் தாளிலும் வேறுபாடு தெரியாது. எது சேமிக்கப்படும் என்பது விசைப்பலகை மென்பொருளைப் பொறுத்தது. இயங்குதளத்தோடு விசைப்பலகையையும் மாற்றிக்கொள்ளும் ஆய்வாளர், தம் பழைய குறிப்புகளில் ஒரு ஸ்ரீவில்லிபுத்தூரையும் புதிய குறிப்புகளில் மற்றொரு ஸ்ரீவில்லிபுத்தூரையும் தம்மையறியாமலே வைத்திருக்கக்கூடும். கல்வெட்டு ஊர்ப்பெயர்த் தொகுதியொன்றை அகரவரிசைப்படுத்தும்போதுதான் ஓரூர் ஈரூராகிய செய்தி வெளிப்படும். திருவில்லிபுத்தூர் என்றே எழுதும் தனித்தமிழாளர்க்கு இத்தொல்லை இல்லை என்பதை ஈண்டுக் குறிப்பிடாமல் விடுதல் நேர்மையாகாது.

அவ்வூரோடு தொடர்புடைய ஆழ்வார் பாசுரங்களின் உரைமரபு வேறொரு தேவையை முன்வைக்கிறது. பெரியவாச்சான் பிள்ளை முதலியோரின் வியாக்கியானங்கள் மணிப்பிரவாள நடையின. தமிழும் கிரந்தமும் விரவி அச்சிடப்பட்டவை. கணினி அச்சுக்கோப்பில் இவற்றைப் பதிப்பிக்க முனைந்தோர் நெடுங்காலம் தாமே உருவாக்கிய கிரந்த எழுத்துருக்களையே சார்ந்திருந்தனர். கிரந்த எழுத்துக்கு ஒருங்குறியில் தனியிடம் 2014இல் 7.0ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. முந்திரி, காணி, மா முதலிய பின்ன எண்களுக்கும் நில அளவை, தானிய அளவைக் குறியீடுகளுக்கும் இன்னும் தாமதமாக, 2019இல் 12.0ஆம் பதிப்பில், தமிழ்த் துணைப்பகுதி ஒதுக்கப்பட்டது. கோயிற் கணக்கேடுகளையும் நிலவோலைகளையும் அதற்குமுன் தட்டச்சிட்டோர் அக்குறியீடுகளைப் படமாக ஒட்டினர். அன்றி ஒத்த வடிவமுடைய எழுத்தை இட்டனர். இப்பகுதியில் புதிய இயங்குதளம் தரும் நன்மையை மறுத்தலாகாது. குறியேற்றத்தில் இடமும், நோட்டோ போன்ற எழுத்துருக் குடும்பங்களில் வடிவமும் இன்று உள்ளன. பழைய கணினியை இறுகப் பற்றியிருப்போர் இப்பயனை இழக்கின்றனர்.

பழையதிலேயே தொடரலாம் என்னும் கட்சிக்கு வேறு இடர்களும் உண்டு. 2014 ஏப்ரல் 8இல் எக்ஸ்பிக்கும், 2020 சனவரி 14இல் விண்டோஸ் 7க்கும் ஆதரவு நின்றபோதும் இதே விவாதம் நடந்தது. ‘நம் கோப்புகளை யார் திருடப்போகிறார்கள்’ என்பது அப்போதைய பொதுச் சமாதானம். 2017 மே மாதத்தில் பரவிய வானாக்ரை, திருடவில்லை, பூட்டியது. பாதுகாப்பு மேம்பாடு பெறாத விண்டோஸ் கணினிகளின் கோப்புகளை அது மறையாக்கம் செய்து மீட்புப்பணம் கேட்டது. தாக்குவோர்க்குப் பளியர் பாடலின் மதிப்புத் தெரிய வேண்டியதில்லை; கோப்புக்கு உரியவருக்கு அது தெரியும் என்பதே அவர்களின் முதலீடு. எனவே இணையத்தோடு இணைந்த பழைய இயங்குதளத்தில் ஒற்றைப்படியாக ஆய்வுத்தரவை வைத்திருத்தல் ஏற்கத்தக்கதன்று.

மறுபுறம், உடனே மாறிவிடுவதும் சில வாயில்களை அடைத்துவிடும். விண்டோஸ் 10 வரை 32 பிட்டுப் பதிப்பு உண்டு. அதில் 1990களின் 16 பிட்டு மென்பொருள்களை இயக்க வழியிருந்தது. விண்டோஸ் 11 தனிக்கணினிகளுக்கு 64 பிட்டாகவே வருகிறது, அவ்வழி அடைபட்டது. வன்பூட்டோடு விற்கப்பட்ட தமிழ்ச் சொற்செயலிகளின் நிலையும் இத்தகையதே. கையொப்பமில்லாத பழைய இயக்கிகளை 64 பிட்டு விண்டோஸ் ஏற்பதில்லை. பூட்டு இருந்தும் திறவாது. அம்மென்பொருள்களில் மட்டுமே திறக்கக்கூடிய கோப்புகளுக்குப் பழைய கணினியே கடைசி வாசகர்.

புதிய இயங்குதளத்தின் இயல்புகளுள் இரண்டு தமிழாய்வாளர் கவனத்துக்குரியவை. விண்டோஸ் 11இன் இல்லப்பதிப்பு, நிறுவும்போதே இணைய இணைப்பையும் மைக்ரோசாப்ட் கணக்கையும் கேட்கிறது. அக்கணக்கின்வழி ஆவணங்கள் நிறுவனத்தின் மேகச் சேமிப்பகத்துக்குப் படியெடுக்கப்படலாம். களப்பணியில் தகவலாளர் நம்பிக்கையோடு சொன்ன குடும்பச் செய்திகளும் சடங்குப் பாடல்களும் அவ்வாறு செல்லத்தக்கனவா என்பது வழக்காற்றியல் அறத்தைச் சார்ந்த வினா. அதற்கு இயல்பமைப்பு விடையளிக்கலாகாது. இரண்டாவதாக, அண்மைப் பதிப்புகளைப் புதிதாக நிறுவும்போது வன்தட்டு தானே மறையாக்கம் பெறுகிறது. மீட்புத்திறவுகோல் மேற்படி கணக்கில் வைக்கப்படுகிறது. கணினிக் கடையில் யாரோ ஒருவரின் மின்னஞ்சலைக் கொண்டு நிறுவித் தரும் வழக்கம் சிற்றூர்களில் உண்டு. அந்நிலையில் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதைக் கணினிக்கு உரியவர் அறியார். தாய்ப்பலகை பழுதுற்ற நாளில்தான் அது தேவைப்படும்.

பழைய குறியேற்றத்தினின்று மீண்ட தொகுதிக்கு மதுரைத் திட்டம் தக்க முன்மாதிரி. 1998 பொங்கலன்று தொடங்கிய அத்தன்னார்வத் திட்டம் டிஸ்கியில் நூல்களை ஏற்றியது. பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. அது இயன்றமைக்குக் காரணங்கள் இரண்டு. டிஸ்கியின் அட்டவணை எவரும் காணத் திறந்திருந்தது. ஒவ்வொரு நூலையும் தட்டச்சிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் கோப்பிலேயே பதிவாகியிருந்தன. தனியார் எழுத்துருக்களில் சிக்கிய பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு இவ்விரண்டில் ஒன்றும் பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைக்குப்பின் முனைவர்பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டியதாயிற்று. அவை ஷோத்கங்காவில் ஏற்றப்படுகின்றன. இதனால் ஆய்வேடுகள் காப்புற்றன என்று அமைதிகொள்வோர் உளர். அங்குள்ள தமிழ் ஆய்வேடுகள் பலவற்றைத் திறந்து ஒரு பத்தியைப் படியெடுத்து ஒட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். சில வெறும் ஒளிப்படங்கள். சில தமிழாகத் தோன்றி, ஒட்டும்போது ஆங்கில எழுத்துகளாக உதிர்பவை. படிக்கலாம், தேட இயலாது. தேட இயலாமையால் அவை மேற்கோளாவதில்லை. ஒரே தலைப்பில் மீண்டும் ஆய்வு செய்யப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கருத இடமுண்டு. சமர்ப்பிக்கும்போது ஒருங்குறியில் அமைந்த திருத்தத்தக்க கோப்பையும், எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எப். கோப்பையும் சேர்த்தே பெறுதல் வேண்டும் என்று துறைகள் விதிப்பதற்குப் பெரும் பொருட்செலவு ஏதுமில்லை.

செலவு பற்றிய அச்சம் நிறுவனங்களைப் பொறுத்தவரை மிகைப்படுத்தப்பட்டதே. விண்டோஸ் 10க்கான நீட்டித்த பாதுகாப்பு மேம்பாட்டைக் கல்வி நிறுவனங்கள் ஒரு கணினிக்கு முதலாண்டில் 1 டாலர், இரண்டாமாண்டில் 2 டாலர், மூன்றாமாண்டில் 4 டாலர் என்னும் கட்டணத்தில் பெறலாம். அதாவது ஏழு டாலரில் 2028 அக்டோபர் வரை மூன்றாண்டு அவகாசம் கிடைக்கிறது. தனியாருக்கு இவ்வாய்ப்பு ஓராண்டே. 30 டாலர் செலுத்தியோ, கணினி அமைப்புகளை மேகச் சேமிப்பகத்தோடு ஒத்திசைத்துக் கட்டணமின்றியோ 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளலாம் என்றே அறிவிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கு மூன்றாண்டு, சுந்தரபாண்டியத்துத் தனி ஆய்வாளருக்கு ஓராண்டு. ஆனால் மாற்றாரிடம் இல்லாத, வேறெங்கும் படியில்லாத தரவு யாரிடம் மிகுதி என்று நோக்கின் தனி ஆய்வாளரிடமே எனலாம். அவகாசமும் தேவையும் இவ்வாறு எதிரெதிராக அமைந்துள்ளன.

லினக்சுக்கு மாறுதல் பற்றியும் ஒரு சொல். தமிழகத்தில் இது புதிதன்று. விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இடம்பெற்றிருந்தது. ஒருங்குறித் தமிழுக்கு அதன் ஆதரவு நிறைவானது. தமிழ்99 விசைப்பலகை உண்டு. பத்தாண்டு பழைய கணினியிலும் அது தடையின்றி ஓடும். எழுதுவதற்கும் படிப்பதற்கும் மட்டும் கணினி வேண்டுவோர்க்குப் புதுக் கணினி வாங்குவதைவிட இதுவே மேலான வழி. ஆனால் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்க அதனை நம்புதல் இயலாது. ஆகவே மீட்டெடுத்தபின் மாறுதற்குரியது அது; மீட்டெடுக்கும் கருவியாக அதனைக் கொள்ளுதல் தவறாக முடியும்.

மீட்டெடுத்தலில் தமிழறிஞர் செய்யத்தக்கது யாதெனில், தம் முன்னோர் ஏட்டுச்சுவடிகளுக்குச் செய்ததையே கோப்புகளுக்கும் செய்தல். உ.வே.சா. பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்தார். இது எந்த ஏட்டிற் கண்டது என்பதையும் எழுதிவைத்தார். ஏடு பெயர்த்தோர் செய்த பிழைகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டென்பதை, எகர ஏகார வேறுபாடும் காலும் ரகரமும் மயங்கிய ஏடுகளில் பழகிய பதிப்பாசிரியர்கள் நன்கறிவர். ஓலையில் புள்ளியிடாமையால் நேர்ந்த அம்மயக்கமே இன்று வேறு காரணத்தால் ‘அவா்’ என்று மீண்டும் வந்துள்ளது. மாற்றிகள் செய்யும் பிழைகளும் ஒழுங்குடையவை. ஆதலின் பட்டியலிடத்தக்கவை, திருத்தத்தக்கவை. மூலக்கோப்பை அழிக்காமல் வைத்து, இன்ன எழுத்துருவினின்று இன்ன மாற்றியால் இன்ன நாளில் பெயர்க்கப்பட்டது, இன்னார் மெய்ப்புப் பார்த்தார் என்று முகப்பில் குறித்தல் வேண்டும். மாற்றுவதற்குமுன் பழைய கணினியிலேயே ஒரு பி.டி.எப். எடுத்து வைத்துக்கொள்ளின், ஐயம் நேர்ந்துழி ஒப்பிட அதுவே மூலவேடாகும். இப்பணியை இளநிலை உதவியாளரிடம் விட்டுவிடும் வழக்கம் நீங்க வேண்டும். ‘வௌ’ என்பதைக் கண்டால் திருத்த எவராலும் இயலும். வட்டார வழக்குச் சொல்லொன்று சிதைந்துள்ளதா, இயல்பே அதுவா என்பதைத் தொகுத்தவரும் அவ்வழக்கை அறிந்தவருமே சொல்ல முடியும். தொகுத்தவர்களுக்கு வயதாகிறது.

ஒவ்வொரு வட்டாரத்திலும் இதற்கென ஒரு கணினியேனும் விட்டுவைக்கப்படல் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தோன்றிய பென்னிங்டன் நூலகம் போன்ற பொதுவிடங்கள் இதற்கு ஏற்றவை. அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறை பொறுப்பேற்கலாம். 32 பிட்டு விண்டோஸ் நிறுவிய கணினியாக இருத்தல் நலம். கிடைக்காவிடில் புதுக் கணினிக்குள் மெய்நிகர் கணினியாகப் பழைய இயங்குதளத்தை அமைத்துக்கொள்ளலாம். அதற்கு இணைய இணைப்பு வேண்டுவதில்லை, இராதிருத்தலே பாதுகாப்பு. குறுந்தட்டு இயக்கியும் நெகிழ்தட்டு இயக்கியும் இருக்க வேண்டும். அவ்வட்டாரத்து டி.டி.பி. மையங்களும் சிவகாசி அச்சகங்களும் இருபதாண்டுகளுக்குமுன் எந்தெந்த எழுத்துருக்களைப் பயன்படுத்தின என்பதைக் கேட்டறிந்து, உரிமத்தோடு அவற்றைச் சேகரித்து அதில் நிறுவ வேண்டும். எந்த எழுத்துரு எந்த மையத்துக்குரியது என்னும் செய்தி இன்று அங்கு அச்சுக்கோத்த தொழிலாளர் சிலரின் நினைவில் மட்டுமே உள்ளது. அதனை எழுதி வாங்குவதற்கு இயங்குதளம் எதுவும் தேவையில்லை. ஒரு குறிப்பேடும் ஒரு பிற்பகலும் போதும்.